காளியாயியின் இடது கை

டிக்கோயா ரோட்டில் புதிதாகத் திறந்த டீ சென்டரின் வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தூக்கிப் பிடித்த இடது கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். கீழே மூன்று மொழியிலும் ‘நல்வரவு’. எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது, அந்தக் கையில் ஆறு விரல் இருந்ததைத் தவிர.

முதலில் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் வேலை வெட்டி இல்லாமல் நின்று விரலை எண்ணியிருக்கிறான். மறுநாளைக்குள் அந்தப் படம் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் எல்லார் ஃபோனிலும் ஏறிவிட்டது. ‘இவளுக்கு மட்டும் ரெண்டு கிலோ கூட வரும்’ என்று ஒருவன் எழுதினான். ‘எங்க தோட்டத்துக்கு இப்படி இருபது பேர் அனுப்பவும்’ என்று இன்னொருவன். பஸ் அந்த இடத்தில் நின்றால் கொண்டக்டர், “ஆறு விரல்! ஆறு விரல் எறங்குங்க!” என்று கத்துவான். பஸ்ஸே சிரிக்கும்.

சிரிக்காத ஒரே ஆள் ஜீவராணி. ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள், வயது முப்பத்தைந்து. ஊரில் அவளுக்குக் ‘கேள்விராணி’ என்று இன்னொரு பெயர் உண்டு. சட்டைக்கு அளவு எடுக்க வந்தவளிடம், கழுத்தில் இந்தத் தழும்பு எப்படி வந்தது, இந்த வளையலை யார் வாங்கிக் கொடுத்தது, மாமியார் எப்படி என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் டேப்பைச் சுருட்டுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, போர்டு வளைவில் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுடைய அம்மா காளியாயிக்கும் இடது கையில் ஆறு விரல்.

காளியாயி இறந்து பதினேழு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. மரணத்தைப் பதியப் போனபோது அந்த அட்டையை முறைப்படி ஒப்படைத்தார்கள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று துக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஜீவராணியின் சடங்குக்குப் போட்டோக்காரர் வந்து முப்பத்தாறு படம் பிடித்தார். அத்தை இருக்கிறாள், மாமா இருக்கிறார், அடுத்த லயத்து வரிசை வீட்டு நாய்கூட ஒரு படத்தில் இருக்கிறது. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

ஆனால் அவளைப் படம் பிடிக்காத நாளே இல்லை என்றும் சொல்லலாம். காளியாயி கொழுந்து பறித்த ஏழாம் நம்பர் மலை ரோட்டோரத்தில் இருந்தது. வேன் வேனாக வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உலகத்தில் எத்தனையோ வீட்டு அலமாரியில் அம்மா இருக்கிறாள், தங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று ஜீவராணி பலமுறை நினைத்து நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறாள்.

போன மாதம் அண்ணன் யோகேஸ்வரன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். ஆட்டோ ஓட்டுகிறவன்; அவசரக்காரன். லயத்திலிருந்து சாமான் வந்து சேரும் முன்பே முன் அறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆணி அடித்துவிட்டான். ஒன்றில் அப்பாவின் படம் தொங்கியது. அப்பா ஆயுளில் போட்டிராத கோட்டும் டையும் அந்தப் படத்தில் போட்டிருந்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் அன்பளிப்பாக வரைந்து கொடுத்தது. மற்ற ஆணி வெறுமனே இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவின் திவசம். ஜீவராணி சாப்பிட உட்கார்ந்தாலும் துணி மடித்தாலும் அந்த ஆணி கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் முகம் அவளுக்கே கொஞ்சம் கலங்க ஆரம்பித்திருந்தது. அம்மா சாகும்போது இவளுக்குப் பதினெட்டு. கொழும்பில் ஒரு கடையில் வேலை. கண்ணை மூடி நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்தக் கைதான் வரும். கட்டைவிரலை ஒட்டி, ஒரு சின்ன நகத்தோடு, குட்டியாக ஒரு விரல். ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் தலைக்கு எண்ணெய் வைத்து அந்தக் குட்டி விரலின் நகத்தால்தான் அம்மா வகிடு எடுப்பாள். சீப்பு எடுத்த வகிடு கோணிப் போகும். அந்த விரல் எடுத்தது ஒருநாளும் கோணியதில்லை.

அதனால்தான் அன்று மாலை திரும்பும்போது, கொண்டக்டர் “ஆறு விரல்!” என்று கத்தியதும் ஜீவராணி எழுந்து இறங்கினாள். பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. டீ சென்டர் காவல்காரர், இவளும் செல்ஃபி எடுக்க வந்தவள் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார். அவள் போர்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெயில் பளபளத்து விரல்கள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசாரித்தாள். வியாழக்கிழமை போர்டைக் கழற்றப்போகிறார்கள், முதலாளிக்கு ஒரே அவமானம், அச்சடித்தது ஹட்டனில் ஷிஹாம் என்று காவல்காரர் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஷிஹாமின் கடைக்குள் நுழைந்தாள். நாற்பது வயது மனிதர், ஊருக்கெல்லாம் ‘நானா’, அதாவது அண்ணன். கம்ப்யூட்டருக்கு முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நானா, டீ சென்டர் போர்டு நீங்கதானே அடிச்சீங்க?”

“ஓம் தங்கச்சி, நான்தான்.” அவர் தலையை நிமிர்த்தவில்லை. “ஏசுறதா இருந்தா உட்காந்து ஏசுங்க. காலையில இருந்து நாலு பேர் நிண்டுக்கிட்டே ஏசிட்டுப் போயிட்டாங்க.”

“ஏச வரல. அந்தப் போட்டோவ எடுத்தது யாரு? எந்த வருஷம் எடுத்தது? அவங்க அட்ரஸ் இருக்கா?”

ஷிஹாம் இப்போது நிமிர்ந்தார். “யாரும் எடுக்கல்ல. ஏஐ செஞ்ச படம் அது. இப்பிடி ஒரு படம் வேணும் என்டு எழுதிக் குடுத்தன், அது செஞ்சு தந்திச்சு. அவசர வேலை. மூணு பாஷையிலயும் எழுத்துப் பிழை இருக்கா என்டு மூணு தரம் பாத்தன். விரல எண்ணல்ல.”

“அப்ப அதுல நிக்கிற பொம்பள?”

“அப்பிடி ஒரு பொம்பளயே இல்ல.”

“இல்லாத பொம்பளைக்கு எப்படி நானா ஆறு விரல் இருக்கும்?”

காலையிலிருந்து வந்த நாலு பேரும் விரலைப் பற்றித்தான் கத்தினார்கள். ஒருவரும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. ஷிஹாம் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தார். அந்த மெஷின் கோடிக்கணக்கான படங்களைப் பார்த்திருக்கிறது, பார்த்துப் பார்த்து மலை இப்படி, கூடை இப்படி, பெண் இப்படி என்று பழகியிருக்கிறது, விரலை மட்டும் சில நேரம் எண்ணத் தெரியாது.

“அந்தக் கோடிப் படத்த அது எங்க பாத்துச்சு?”

“இன்டர்நெட்ல.”

“இன்டர்நெட்ல யாரு போட்டா?”

“எல்லாரும்தான். டூரிஸ்ட் வாறவங்க எடுத்துப் போடுறது, பத்திரிகைக்காரங்க போடுறது…”

“எங்க ஏழாம் நம்பர் மலையில எடுத்ததும் அதுல இருக்குமா?”

ஷிஹாம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இரண்டு வருஷமாக இந்த மெஷினோடு வேலை செய்கிறார், இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. “இருக்கலாம் தங்கச்சி. இல்லாமலும் இருக்கலாம். செஞ்சவனுக்கே சொல்ல ஏலாது.”

அப்போதுதான் ஜீவராணி அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஆணியைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னாள். ஷிஹாம் போர்டின் படத்தைத் திரையில் திறந்து, கை மட்டும் தெரியும்படி பெரிதாக்கினார். திரை முழுக்க ஒரு கை. ஜீவராணி எழுந்து முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

ஆறாவது விரல் சுண்டுவிரலுக்கு அப்பால் இருந்தது.

“எங்கம்மாவுக்கு இந்தப் பக்கம்,” என்று தன் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆசை அப்படியே வடிந்துபோனது. வேறு யாருடைய அம்மாவாகவாவது இருந்தால்கூடப் பரவாயில்லை, யாருடைய அம்மாவும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஷிஹாமுக்கு மனம் கேட்கவில்லை. கூடவே ஒரு வேகமும் வந்துவிட்டது. “சரி, சொல்லுங்க. உங்க உம்மா எப்பிடி இருந்தாங்க என்டு ஒவ்வொண்ணா சொல்லுங்க. செஞ்சு பாப்பம், என்னதான் வருது என்டு.” வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தார். முதல் வரியை அவரே எழுதினார்: ‘இடது கையில் ஆறு விரல்.’

முதல் படம் ஒரு நிமிஷத்தில் வந்தது. சினிமாவில் கதாநாயகிக்குத் தோழியாக வருவதுபோல் ஒருத்தி. மூக்குத்தி, ஜிமிக்கி, தலையில் பூ.

“இவ மலைக்குப் போறாளா, மாப்பிள்ள பாக்கப் போறாளா?” என்றாள் ஜீவராணி.

பூவை எடுத்தார்கள். மூக்குத்தியை எடுத்தார்கள். வயதைக் கூட்டச் சொன்னால் மெஷின் ஒரேயடியாகத் தொண்ணூறு வயதாக்கியது. குறைத்தால் பதினாறு. நிறம் சரியில்லை என்றாள். என்ன நிறம் என்று ஷிஹாம் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கறுப்புன்னும் சொல்ல முடியாது, மாநெறமும் இல்ல. பால் ஊத்தாம, சாயம் கொஞ்சம் தூக்கலா ஊத்துன பிளேன்டி இருக்குல்ல, அது” என்றாள். ஷிஹாம் அதை அப்படியே எழுதினார். அதை எப்படி ஆங்கிலத்தில் தட்டுவது என்று தலையைச் சொறிந்தார்.

படங்கு வேண்டும் என்றாள். மலையில் நிற்கும்போது சேலை நனையாமல், செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குத் துணி அது. மெஷினுக்குப் படங்கைத் தெரியவில்லை. சமையல்காரர் கட்டுவதுபோல் பூப்போட்ட ஒரு துணியை அழகாகக் கட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

விரல்தான் பெரிய வேடிக்கை. கட்டைவிரல் பக்கத்தில் ஆறாவது விரல் வேண்டும் என்று ஷிஹாம் தட்டினார். ஐந்து விரலோடு வந்தது. மறுபடி தட்டினார், ஐந்து. எண்ணிக்கையை எழுத்தில் எழுதினார், இலக்கத்தில் எழுதினார், கெஞ்சாத குறையாக எழுதினார். அழகான ஐந்து விரல்.

“பாருங்க தங்கச்சி, இதுக்கு இருக்கிற கொழுப்ப! கேக்காதப்போ ஆறு குடுத்து என் மானத்த வாங்கிச்சு. கேட்டா அஞ்சுக்கு மேல தரமாட்டேங்குது.”

சாப்பாட்டு நேரம் முடிந்தது. வேலை முடிந்து மறுபடி வந்தாள். மறுநாளும் வந்தாள். படம் இருபதைத் தாண்டியது, இருபத்தேழைத் தாண்டியது. ஒவ்வொரு படத்திலும் எது தப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எது சரி என்று, அந்தத் தப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இந்த விசித்திரத்தை அவளே கவனித்தாள். இல்லாத பெண்கள் ஒவ்வொருத்தியும் வந்து நிற்க, ‘இப்படி இல்லை, அப்படி’ என்று சொல்லச் சொல்ல, கலங்கிப் போயிருந்த முகம் எங்கிருந்தோ அவர்களை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

“இடது புருவம் பாதியில நிக்கும். சின்ன வயசுல, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது.”

ஷிஹாம் எழுதினார்.

“உச்சியில கூடைக் கயிறு அழுத்துற எடத்துல முடி தேஞ்சிருக்கும். அதுக்கு மேல முந்தானைய இழுத்து விட்டுக்குவாங்க.”

எழுதினார்.

“சிரிக்கச் சொன்னா சிரிக்க மாட்டாங்க. யாராவது வழுக்கி விழுந்தா சிரிப்பாங்க. விழுந்தவங்களத் தூக்கி விட்டுக்கிட்டே சிரிப்பாங்க.”

ஷிஹாம் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அதையும் எழுதினார்.

“நாம பொய் சொன்னா தலைய இடது பக்கம் சாய்ச்சுப் பாப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாமளே உண்மையச் சொல்லிருவோம்.”

தாளின் ஒரு பக்கம் நிறைந்து, ஓரங்களிலும் எழுத்து ஏறியது. கடைசியில் புதன்கிழமை மாலை, இருக்கிறதில் சுமாரான ஒரு முகத்தை எடுத்துக்கொண்டார்கள். மெஷினை நம்பிப் பயனில்லை என்று ஷிஹாம் மௌஸைப் பிடித்துத் தானே உட்கார்ந்து, கட்டைவிரலை ஒட்டி ஒரு குட்டி விரலை வரைந்தார். நகத்துக்கு மட்டும் இருபது நிமிஷம் எடுத்தார். படம் அச்சாகி வெளியே வந்தபோது அவருக்கே பெருமை தாங்கவில்லை. ஜீவராணிக்கும் படம் பிடித்திருந்தது. முழுக்க அம்மா இல்லைதான். ஆனால் அந்த விரல் அம்மாவுடையது.

கிளம்பும்போது ஷிஹாம் அந்தத் தாளையும் நீட்டினார். “இதையும் கொண்டு போங்க. எனக்கு இத எறிய மனசு வரல்ல.” பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல், “ரெண்டு நாளா அந்த மெஷின் ஒரு தரமாவது உங்கள்ட்ட ஏதாச்சும் கேட்டிச்சா?” என்றார்.

“இல்லையே.”

“அதான் யோசிக்கிறன்,” என்றார் ஷிஹாம்.

வீட்டில் யோகேஸ்வரன் படத்தை ஒரு பார்வை பார்த்தான். “அம்மா மாதிரியே இருக்கு. மாட்டிரு.” அப்பாவின் கோட்டைப் பார்த்தபோதும் அவன் இதையேதான் சொன்னான். அவனுக்கு ஆணி நிறைந்தால் போதும். ஜீவராணிக்கு அப்படி மாட்டிவிட மனம் வரவில்லை. மறுநாள், வியாழக்கிழமை, கடையிலிருந்து வந்த கையோடு படத்தை எடுத்துக்கொண்டு பழைய லயத்துக்கு இறங்கினாள். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் இருபது வருஷம் கொழுந்து பறித்த மீனம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மாவோடு சண்டை போடாத நாள் இல்லை, அம்மா இல்லாமல் மலைக்குப் போன நாளும் இல்லை.

மீனம்மா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். “நல்ல லட்சணமா இருக்கா. யாரு புள்ள இது? ஒங்க அண்ணனுக்கு மாமியா வீட்டுப் பக்கமா?”

ஜீவராணி படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கையைக் காட்டலாமா என்று நினைத்தாள். காட்டினால் மீனம்மா, ‘ஓ, காளியாயியா’ என்றுதான் சொல்லுவாள். அது அடையாளம் கண்டதாகாது. பையிலிருந்து தாளை எடுத்தாள். “சித்தி, நா ஒண்ணு வாசிக்கிறேன், யாருன்னு சொல்லு” என்று முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பிளேன்டி நிறம். பாதியில் நிற்கும் புருவம். மீனம்மா காலைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சொன்னா சிரிக்க மாட்டாங்க, யாராவது வழுக்கி விழுந்தா…

“அடியே! காளியாயிடி இது!” மீனம்மா தரையில் அறைந்தாள். “நா சேத்துல விழுந்து கெடக்கேன், கையப் புடிச்சு இழுத்துக்கிட்டே சிரிக்கிறா பாவி! ஒனக்கு யாரு சொன்னா இத? எழுதி வேற வச்சிருக்கே?” சிரிக்க ஆரம்பித்தவள் சிரிப்பு முடியுமுன் கண்ணைத் துடைத்தாள். “மேல வாசி.”

வாசித்தாள். கூடைக் கயிறு என்று மட்டும் எழுதினால் போதாது, அவள் அதன் முடிச்சை வலது பக்கம் போடுவாள் என்று மீனம்மா திருத்தினாள். கோபம் வந்தால் இலையைக் கூடைக்குள் போடாமல் எறிவாள், அதைச் சேர் என்றாள். ஜீவராணி பேனாவை வாங்கிச் சேர்த்தாள். கடைசியாக, விட்டுவைத்த முதல் வரியையும் வாசித்தாள்.

மீனம்மாவின் முகம் மாறியது. படத்தை மறுபடி வாங்கி, இப்போது அந்தக் கையைத் தேடிப் பார்த்தாள். “இத எதுக்குடி வெளிய காட்டியிருக்கே?”

“அதுதானே சித்தி அம்மா…”

“மலையில வேன் நின்னு, வெள்ளக்காரன் கேமராவத் தூக்கினான்னு வையி. நாங்கல்லாம் சேலையச் சரிபண்ணுவோம். அவ மட்டும் மொத வேலையா இடது கையப் படங்குக்குள்ள சொருகிக்குவா. அவன் போற வரைக்கும் எடுக்க மாட்டா. ஒருத்தனும் அந்தக் கையப் படம் புடிச்சதில்ல.”

“வெக்கமா?” என்று ஜீவராணி மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

“வெக்கமா? யாருக்கு, காளியாயிக்கா? மலையில எங்கள வேல வாங்குற கண்டாக்கையாவையே நிக்க வச்சு நாலு வார்த்த கேட்டவடி அவ. நானும் ஒருநா கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? ‘மூஞ்சிய எடுத்துக்கிட்டுப் போறானுங்க, போகட்டும். இது எம் மகளுக்கு வகிடு எடுக்கிற வெரலு. இத எதுக்கு அவனுக்குக் காட்டணும்’னா.”

ஜீவராணி அழுதாள். இரண்டு நாளாக ஏதோ ஒரு மெஷினிடம், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் என்று மன்றாடியது நினைவுக்கு வந்தது. உலகத்து அலமாரிகளில் எங்காவது அம்மா இருந்தாலும், அந்தக் கை அங்கே இல்லை. அது தனக்கு மட்டும்தான் கிடைத்தது. இதை இத்தனை காலம் தெரியாமல் இருந்தது அவளுக்கு வலித்தது, தெரிந்தது சந்தோஷமாகவும் இருந்தது. மீனம்மா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, அவளும் கொஞ்சம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூ வாங்க ஹட்டனுக்குப் போனாள். டீ சென்டர் வாசலில் புதுப் போர்டு வந்திருந்தது. அதே சிரிப்பு, கணக்காக ஐந்து விரல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டக்டர் மட்டும் பழக்கத்தில், “ஆறு விரல் எறங்குங்க!” என்று கத்தினான், இரண்டு பேர் இறங்கவும் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்திருந்த கண்ணாடி பிரேமைக் கழற்றினாள். அச்சடித்த படத்தை அட்டையோடு சேர்த்துப் பின்னால் வைத்தாள். ஷிஹாமின் கையெழுத்தும் தன் கையெழுத்துமாக ஓரம்வரை நிறைந்திருந்த தாளை அதன்மேல் கண்ணாடிப் பக்கமாக வைத்தாள். மூடுவதற்கு முன் பேனாவை எடுத்து, முதல் வரியைக் கோட்டின்மேல் கோடு போட்டு, ஒரு எழுத்தும் தெரியாதபடி அடித்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி எழுதினாள்: ‘கேமராவைக் கண்டால் இடது கையைப் படங்குக்குள் சொருகிக்கொள்வாள்.’

யோகேஸ்வரன் வாழையிலையோடு உள்ளே வந்தபோது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. “என்னடி இது? அம்மா படம் எங்க?”

“இதுதான். வாசி.”

ஏதோ திட்டப் போனவன், கிட்டப் போய் வாசித்தான். ஓரிடத்தில் சிரித்தான். தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்ப்பாள் என்ற இடத்தில் இலையைக் கீழே வைத்துவிட்டு நின்றான். முதலிலிருந்து மறுபடி வாசித்தான். அவசரக்காரன் ஒரு தாளை இரண்டு தரம் வாசித்ததை ஜீவராணி அன்றுதான் பார்த்தாள்.

“எல்லாம் இருக்கு,” என்றான் குரல் இறங்கி. “வெரலப் பத்தி மட்டும் எழுதலையே?”

“இருக்கு அண்ணே. படங்குக்குள்ள இருக்கு,” என்று சொல்லிவிட்டு, ஜீவராணி மாலையை எடுக்க உள்ளே போனாள்.